ஊழும் உப்பும்: குருதியமுக்கத்தின் பரம்பரையலகு வலையும் பொறுப்பு என்னும் வினாவும்

1

நோயுற்ற ஒருவனைக் காணும்போது உலகம் இரண்டு வினாக்களை எழுப்புவது வழக்கம். 'இஃது எதனால் வந்தது?' என்பது ஒன்று. 'இதற்கு யார் பொறுப்பு?' என்பது மற்றையது. முதலாவது மருத்துவத்துக்கு உரியது. இரண்டாவது அறவியலுக்கு உரியது. எனினும் நடைமுறையில் இவ்விரண்டும் ஒரே மூச்சிற் கேட்கப்படுகின்றன. காரணம் கூறப்பட்ட மாத்திரத்தே பழியும் உடன் கூறப்பட்டுவிடுகின்றது.

இப்பிணைப்பை மிகத் தொன்மையான காலத்திலேயே ஆராய்ந்தவர் அரிஸ்ரோட்டில். பிறவியிலேயே பார்வையிழந்தவனை எவரும் பழிப்பதில்லை, அவன்மீது இரக்கமே கொள்வர். மதுவினாலும் கட்டுப்பாடின்மையினாலும் பார்வையை இழந்தவனையே பழிப்பர் என்பது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் அவர் எடுத்துக்காட்டும் செய்தியாகும். உடலின் குறைகளுள் மனிதனின் ஆற்றலுக்கு உட்பட்டவை பழிக்கு உரியன; உட்படாதவை இரக்கத்துக்கு உரியன. தமிழ்ச் சிந்தனை மரபும் இதே எல்லைக்கோட்டினை வேறு சொற்களால் வரைந்துள்ளது. ஊழுக்கு ஓர் அதிகாரத்தை அறத்துப்பாலின் முடிவில் அமைத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கு மற்றோர் அதிகாரத்தைப் பொருட்பாலில் அமைத்தார். ஊழ் ஒருபுறம், முயற்சி மறுபுறம் என இரண்டையும் எதிரெதிர் நிறுத்தி வழக்குரைக்கும் பழக்கம் இன்றும் பட்டிமன்றங்களில் நீடிக்கின்றது.

எனினும், இவ்விரு கூண்டுகளுள் எதனுள்ளும் அடங்க மறுக்கும் ஒரு நோய் உண்டு. அது நோயா என்பதே நெடுங்காலம் வாதத்துக்கு உரியதாயிருந்தது. 2019 ஆம் ஆண்டில் உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேர் அதற்கு உட்பட்டிருந்தனர் எனவும், அவருட் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் தமக்கு அந்நிலை உண்டென்பதையே அறியாதிருந்தனர் எனவும் மதிப்பிடப்பட்டது. உயர் குருதியமுக்கம் என்னும் இந்நிலையின் தோற்றம் பற்றி அண்மைக்காலப் பரம்பரையியல் கண்டறிந்துள்ளவை, பொறுப்பு என்னும் எண்ணக்கருவையே மீளாய்வு செய்யுமாறு தூண்டுகின்றன. அம்மீளாய்வே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மருத்துவ உலகில் ஒரு நீண்ட விவாதம் நிகழ்ந்தது. மன்செஸ்ரரைச் சேர்ந்த ரொபேட் பிளாற் 1947 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெளிப்படையான காரணம் எதுவுமின்றித் தோன்றும் உயர் குருதியமுக்கம் ஒரு தனி நோய். அது மெண்டலின் விதிகளுக்கு அமைய ஒரேயொரு பரம்பரையலகினாற் கடத்தப்படுவது என்பது அக்கருத்தின் சாரம். அவ்வலகைப் பெற்றோர் ஒரு கூட்டம். பெறாதோர் மற்றொரு கூட்டம். இரண்டுக்கும் இடையே ஒரு மதில் உண்டு என அவர் நம்பினார்.

இலண்டனிலும் பின்னர் ஒக்ஸ்போட்டிலும் பணியாற்றிய ஜோர்ஜ் பிக்கறிங் அம்மதிலைக் காணவில்லை. 1954 இல் அவரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட அளவீடுகளில், சனத்தொகையின் குருதியமுக்கம் தாழ்விலிருந்து உயர்வுவரை இடைவெளியின்றித் தொடர்ந்து பரவிக் கிடந்தது. உறவினரிடையே காணப்பட்ட ஒப்புமையும் எந்த அமுக்க மட்டத்திலும் ஒரே அளவினதாகவே இருந்தது. மனிதரின் உயரம் போன்றதே குருதியமுக்கமும். பல பரம்பரையலகுகளும் சூழலும் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. 'உயர் குருதியமுக்கம்' என்பது பண்பில் வேறுபட்ட ஒன்றன்று, அளவில் வேறுபட்ட ஒன்றே என அவர் வாதிட்டார். சிறுசிறு விளைவுடைய பல அலகுகள் கூடித் தொடர்ச்சியான ஒரு பண்பை உருவாக்கமுடியும் என்பதனை ரொனால்ட் பிஷர் 1918 இலேயே கணித முறையில் நிறுவியிருந்தார் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

இவ்விவாதம் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. பிக்கறிங் கூறியது உண்மையாயின், நோயாளி யார், நலமுடையோன் யார் என்னும் எல்லை இயற்கையில் வரையப்பட்டதன்று. மனிதரே அதனை வரைகின்றனர். 2017 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இதயநோய் மருத்துவச் சங்கங்கள் அவ்வெல்லையை 140க்கு 90 என்பதிலிருந்து 130க்கு 80 எனத் தாழ்த்தின. முதல்நாள் வளர்ந்தோருள் ஏறத்தாழ 32 சதவீதத்தினராயிருந்த உயர் குருதியமுக்கமுடையோர், மறுநாள் ஏறத்தாழ 46 சதவீதத்தினராயினர். எவருடைய நாடியிலும் எந்த மாற்றமும் நிகழவில்லை. தீர்மானம் தவறானது என்பது இதன் பொருளன்று. எந்த அளவிலிருந்து தீங்கு தொடங்குகின்றது, எந்த அளவு தீங்கைச் சமூகம் பொறுத்துக்கொள்ளத்தக்கது என்பன வெறும் அளவுகோலினாற் பெறப்படும் விடைகளல்ல என்பதே இதன் பொருள். நோயின் வரைவிலக்கணத்தினுள்ளேயே ஒரு விழுமியத் தீர்ப்பு உறைந்துள்ளது.

3

பிளாற்றின் கருத்து முற்றிலும் பொய்யாகிவிடவுமில்லை. ஒரேயொரு பரம்பரையலகின் விகாரத்தினால் விளையும் உயர் குருதியமுக்கமும் உண்டு. ஆனால் அது மிக அரிது. கிரான்ற் லிடில் என்னும் மருத்துவர் 1963 இல் ஒரு குடும்பத்தின் நோயை விவரித்தார். அக்குடும்பத்தினரிடம் இளவயதிலேயே அமுக்கம் மிகையாயிருந்தது. குருதியிற் பொற்றாசியம் குறைந்திருந்தது. சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்குமாறு பணிக்கும் அல்டொஸ்ரெரோன் என்னும் ஓமோனோ மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. பணிப்போர் இல்லாமலே பணி நடந்துகொண்டிருந்தது. 1994 இல் றிச்சட் லிவ்ரனின் ஆய்வுக்குழு இதன் மர்மத்தை விடுவித்தது. சிறுநீரகத்தியின் இறுதிப் பகுதியில் சோடியத்தை மீள உறிஞ்சும் வாயிலான புரதத்தின் பரம்பரையலகில் ஒரு விகாரம் நேர்ந்திருந்தது. அதனால் அவ்வாயில்கள் கலத்தின் மேற்பரப்பிலிருந்து உரிய காலத்தில் அகற்றப்படாது திறந்தே கிடந்தன. இவ்வாறு அடுத்தடுத்துக் கண்டறியப்பட்ட அரிய குடும்ப நோய்கள் பெரும்பாலும் ஒரே திசையையே சுட்டின: சிறுநீரகம் உப்பைக் கையாளும் முறை.

ஆனால் கோடிக்கணக்கானோரின் குருதியமுக்கம் இத்தகைய ஒற்றை விகாரத்தினால் ஆனதன்று. 2011 இல் ஏறத்தாழ 200,000 பேரின் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்புநோக்கிய ஒரு சர்வதேச ஆய்வு 29 இடங்களைச் சுட்டியது. 2018 இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது அத்தொகை 901 ஆயிற்று. 2024 இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒன்றையொன்று சாராத 2,103 குறிகளைக் கண்டது. இவற்றுட் பெரும்பாலான ஒவ்வொன்றும் அமுக்கத்தை ஒரு மில்லிமீற்றர் இரசத்துக்குக் குறைவாகவே உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கின்றது. அவற்றிற் பல, புரதங்களை ஆக்கும் பகுதிகளில் அமையவில்லை. பிற அலகுகளை எப்போது, எங்கே, எவ்வளவு தூண்டுவது என்பதை ஒழுங்குபடுத்தும் பகுதிகளிலேயே அமைந்துள்ளன. அதாவது, இவை தனித்தனிக் கட்டளைகளல்ல. ஒன்றையொன்று செவிமடுக்கும் குரல்கள்.

இவ்விடத்திலேயே 'வலையமைப்பு' என்னும் எண்ணக்கரு இன்றியமையாததாகின்றது. அமுக்கம் தாழும்போது சிறுநீரகம் இரெனின் என்னும் நொதியத்தைச் சுரக்கின்றது. அது ஈரல் ஆக்கிய ஒரு புரதத்தைப் பிளக்கின்றது. பிளந்த துண்டினைப் பெரிதும் நுரையீரலின் குருதிக்குழாய்களில் உள்ள இன்னொரு நொதியம் அஞ்சியோரென்சின் என்னும் பொருளாக மாற்றுகின்றது. அது நாடிகளை ஒடுக்குவதோடு, சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியைத் தூண்டி அல்டொஸ்ரெரோனைச் சுரக்கச் செய்கின்றது. அதனாற் சோடியம் தேங்குகின்றது, அமுக்கம் ஏறுகின்றது, இரெனின் தணிகின்றது. ஈரல், நுரையீரல், சுரப்பி, சிறுநீரகம், மூளை, நாடிச்சுவர் அனைத்தும் இவ்வுரையாடலிற் பங்குகொள்கின்றன. 1972 இல் ஆதர் கைற்றனும் அவருடன் பணியாற்றியோரும் குருதிச் சுற்றோட்டத்தின் ஒழுங்காக்கத்தை ஒரு பெரும் வரைபடமாகத் தீட்டியபோது அது முந்நூறுக்கு மேற்பட்ட கட்டங்களைக் கொண்டதாயிற்று. ஓரிழையை இழுத்தால் மற்றையவை இறுகுவதோ தளர்வதோ நேரும். ஒரு மருந்து ஒரு வழியை அடைக்கும்போது உடல் வேறு வழிகளால் ஈடுசெய்ய முனைவதும், பலருக்கு இரண்டு மூன்று மருந்துகள் ஒருங்கே தேவைப்படுவதும் இதனாலேயே ஆகும்.

பரம்பரையலகுகளின் மட்டத்திலும் இத்தகைய வலையினை நேரடியாக வரைய ஆய்வாளர் முயன்றுள்ளனர். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பிறேமிங்காம் நகரில் 1948 இல் 5,209 பேருடன் தொடங்கிய இதயநோய் ஆய்வு அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தொடர்ந்து அவதானித்து வந்தது. அவ்வாய்வில் பங்குபற்றியோருள் அமுக்க மருந்து உட்கொள்ளாத மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரின் குருதியைக்கொண்டு, எவ்வெவ் அலகுகள் கூட்டாகத் தொழிற்படுகின்றன எனக் கணித்து 2015 இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. எஸ்.எச்.2.பி.3 என்னும் பரம்பரையலகு அவ்வலையின் முதன்மையான முடிச்சுகளுள் ஒன்றெனத் தெரியவந்தது. அதனை இழந்த எலிகளில் வேறு பல அலகுகளின் தொழிற்பாடும் குழம்பியது. வியப்புக்குரியது யாதெனில், இவ்வலகு உடலின் எதிர்ப்புச்சக்திக் கலங்களோடு தொடர்புடையது. இதன் ஒரு பொதுவான மாறுபாடு உயர் குருதியமுக்கத்தோடு மட்டுமன்றி, முதலாம் வகை நீரிழிவோடும், கோதுமைப் புரதத்தை உடல் ஏற்காத சீலியாக் நோயோடும் தொடர்புற்றுள்ளது. ஒரு முடிச்சு எந்த ஓர் இழைக்கும் மட்டும் உரியதன்று. எனவே 'குருதியமுக்கப் பரம்பரையலகு' என்னும் தொடரே ஓரளவுக்குப் பிழையான தொடராகும்.

வலை என்பதும் ஓர் உருவகமே என்பதை மறத்தலாகாது. இரண்டு அலகுகள் ஒருங்கே ஏறி இறங்குகின்றன என்பதால் ஒன்று மற்றையதற்குக் காரணம் என்று முடிவுசெய்ய இயலாது. அதனாலேயே எலிகளிற் பரிசோதனை தேவைப்பட்டது. ஆயினும் ஒன்று உறுதி. ஒரு காரணம், ஒரு விளைவு என்னும் நேர்கோடு இங்கே இல்லை. ஊழ் என்பது நேர்கோடாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. வலையை ஊழென்று அழைக்கலாமா என்பதே அடுத்து எழும் வினா.

4

தலைமுறையுரிமை பற்றிய எண்கள் எளிதிற் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகின்றன. குருதியமுக்கத்தின் வேறுபாட்டில் 30 முதல் 50 சதவீதம்வரை பரம்பரையினால் விளைவது எனக் கூறப்படுவதுண்டு. ஒருவரது அமுக்கத்தின் அரைவாசியை அவரின் பெற்றோர் தந்தனர் என்பது இதன் பொருளன்று. குறித்த ஒரு சனத்தொகையில், குறித்த ஒரு சூழலில், மனிதருக்கிடையே உள்ள வேறுபாடுகளில் எவ்வளவு பங்கு பரம்பரை வேறுபாடுகளோடு சேர்ந்துவருகின்றது என்பதே இதன் பொருள். சூழல் மாறினால் எண்ணும் மாறும். எல்லோரும் ஒரே அளவு உப்பை உண்ணும் ஒரு நாட்டில் உப்பினால் வேறுபாடு தோன்ற வழியில்லை. அங்கே எஞ்சும் வேறுபாடு பெரிதும் பரம்பரையினதாகவே தோன்றும். உப்பு அங்கே குற்றமற்றது என்பதன்று. அது எங்கும் நிறைந்திருப்பதனாலேயே கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. எல்லோரும் நாளொன்றுக்கு இருபது சிகரெற் புகைக்கும் உலகில் நுரையீரற் புற்றுநோய் ஒரு பரம்பரை நோயாகவே காட்சிதரும் என ஜெவ்றி றோஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் சுட்டிக்காட்டியது இதனையே.

லூயிஸ் டால் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் எலிகள் இவ்வுண்மையை வேறொரு வழியில் விளக்குகின்றன. 1962 இல் அவர், உப்புக்கு அமுக்கம் ஏறும் எலிகளையும் ஏறாத எலிகளையும் தனித்தனியே இனம்பெருக்கி, சில தலைமுறைகளிலேயே இரண்டு வழிகளை உருவாக்கினார். உப்பு மிகுந்த உணவில் முதல்வகை எலிகளின் அமுக்கம் கடுமையாக உயர்ந்தது. மற்றையவற்றுக்கு அவ்வாறு நேரவில்லை. ஈரினத்துக்கும் இடையிலான வேறுபாடு பரம்பரையினதா, உப்பினதா? இரண்டும் என்பதும் போதாத விடையாகும். உப்பு இல்லையேல் அவ்வலகுகளின் தீமை பெரிதும் வெளிப்படாது. அவ்வலகுகள் இல்லையேல் உப்பின் தீமை பெரிதும் வெளிப்படாது. ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பது போன்றதே அவ்வினா.

மனிதரிடத்தும் இதற்குச் சான்றுகள் உள. கென்யாவின் கிராமப்புறங்களிலிருந்து நைரோபி நகருக்குக் குடிபெயர்ந்த லூவோ இனத்தவரை ஆராய்ந்து 1990 இல் வெளியான ஓர் ஆய்வு, நகருக்கு வந்த சிறிது காலத்துக்குள்ளேயே அவர்களின் அமுக்கம் கிராமத்திலிருந்தோரின் அமுக்கத்தைவிட உயர்ந்திருந்ததைக் காட்டியது. குடிபெயர்ந்தோர் தம் பரம்பரையலகுகளை ஊரில் விட்டுவந்தவரல்லர். 1988 இல் 32 நாடுகளின் 52 நிலையங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த 'இன்ரர்சோல்ற்' ஆய்வில், மிகச் சொற்பமாகவே உப்பை உண்ணும் பிரேசிலின் யனோமாமி மக்களிடையே, வயதோடு அமுக்கம் உயரும் வழக்கம் காணப்படவில்லை. முதுமையின் இயல்பு எனக் கருதப்பட்ட ஒன்று உண்மையில் ஒரு வாழ்க்கைமுறையின் இயல்பாயிருத்தல் கூடும்.

எனவே வலை ஊழன்று. எனினும் அது முயற்சிக்கு முற்றிலும் வசப்படுவதுமன்று. 2024 ஆம் ஆண்டின் ஆய்வில், பரம்பரைக் குறிகள் அனைத்தையும் கூட்டிக் கணித்தபோது, மிகத் தாழ்ந்த பத்திலொரு பங்கினருக்கும் மிக உயர்ந்த பத்திலொரு பங்கினருக்கும் இடையே இதயச் சுருக்க அமுக்கம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றரால் வேறுபட்டது. மறுபுறம், 2018 இல் பிரித்தானியாவில் இரண்டே முக்கால் இலட்சம் பேரை ஆராய்ந்தபோது, நல்ல வாழ்க்கைமுறையுடையோரின் அமுக்கம் தீய வாழ்க்கைமுறையுடையோரின் அமுக்கத்தைவிட நான்கு முதல் ஐந்து மில்லிமீற்றர் வரையே குறைந்திருந்தது. பரம்பரை ஆபத்துக் குறைந்தோரிடத்தும் மிகுந்தோரிடத்தும் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரண்டு செய்திகளையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். முயற்சி எவருக்கும் பயனற்றதன்று. ஆயினும், ஒரே முயற்சியைச் செய்த இருவர் ஒரே இடத்தைச் சென்றடைவதில்லை.

5

இவ்விரண்டாவது செய்தியை மறந்துவிடும் அறவுரை கொடுமையானதாகிவிடும். மருத்துவ நிலையத்தில் அமுக்கம் அளக்கப்பட்டு, எண் உயர்ந்திருப்பின், நோயாளியின் முகத்தை நோக்கி முதலில் எழுவது ஐயம்: 'உப்பைக் குறைக்கவில்லை, நடக்கவில்லை, குளிசையை ஒழுங்காக எடுக்கவில்லை.' ஐயம் சிலவேளை உண்மையாயும் இருக்கலாம். ஆனால் எண்ணைக் கொண்டு ஒழுக்கத்தை அளக்கமுடியாது. சீராக வாழ்ந்தும் உயர்ந்த அமுக்கமுடையோர் உண்டு. எதனையும் பேணாது தாழ்ந்த அமுக்கத்தோடு வாழ்வோரும் உண்டு. அரிஸ்ரோட்டிலின் பாகுபாட்டை இங்கே பயன்படுத்த முனைபவர், ஒருவரது அமுக்கத்தில் எந்த மில்லிமீற்றர் இரக்கத்துக்குரியது, எந்த மில்லிமீற்றர் பழிக்குரியது எனப் பிரித்துக்காட்ட வேண்டியவராவர். வலையில் அவ்வாறு பிரித்தல் இயலாது.

மறுபுறத்தில், பரம்பரையைக் காரணமாகக் கூறுவதும் எப்போதும் இரக்கத்தின் செயலாக அமைவதில்லை. அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே உயர் குருதியமுக்கம் மிகுந்து காணப்படுவதற்கு விளக்கமாக, 1980களின் பிற்பகுதியிலிருந்து ஒரு கருதுகோள் பரவலாகப் பேசப்பட்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த அடிமைக் கப்பல்களில் உப்பையும் நீரையும் இழந்து பலர் மடிய, உடலில் உப்பைத் தேக்கும் ஆற்றலுடையோரே தப்பினர்; அவர்தம் சந்ததியினரே இன்று நோயுறுகின்றனர் என்பது அதன் சாரம். கேட்போரைக் கவரும் கதை இது. 1992 இல் வரலாற்றாசிரியர் பிலிப் கேட்டின் அதன் வரலாற்று ஆதாரங்களைக் கடுமையாக மறுத்தார். 1997 இல் றிச்சட் கூப்பரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஒப்பீட்டில், ஆபிரிக்க வழிவந்தோரிடையே உயர் குருதியமுக்கம் மேற்கு ஆபிரிக்காவில் 16 சதவீதமாகவும், கரீபியத் தீவுகளில் 26 சதவீதமாகவும், அமெரிக்காவில் 33 சதவீதமாகவும் காணப்பட்டது. கரீபியத் தீவினரும் அமெரிக்கரும் அதே கடலைக் கடந்தோரின் வழிவந்தவர்களே. உடற்பருமனும் உணவும் வாழ்க்கை நிலையும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு விளக்கமளிக்கப் போதியனவாயிருந்தன.

இக்கருதுகோள் அறவியல் நோக்கில் ஏன் கவனத்துக்கு உரியதாகின்றது? அது வெள்ளையரின் பழைய குற்றமொன்றை ஒப்புக்கொள்வதுபோலத் தோற்றமளித்துக்கொண்டே, இன்றைய குடியிருப்பு, ஊதியம், உணவு, ஒடுக்குமுறை ஆகியவற்றை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகின்றது. குற்றவாளி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டான் என்றால் இன்று எவரும் எதனையும் மாற்ற வேண்டியதில்லை. ஊழ் என்னும் சொல் வரலாற்றிற் பலவேளை ஆற்றிய தொண்டினையே இங்கே பரம்பரையலகு என்னும் சொல் ஆற்றுகின்றது.

பரம்பரைத் தகவல் சந்தையில் இறங்கும்போது வேறோர் ஆபத்தும் எழுகின்றது. அமெரிக்காவில் 2008 இல் இயற்றப்பட்ட சட்டம், வேலைகொள்வோரும் சுகநலக் காப்புறுதி நிறுவனங்களும் பரம்பரைத் தகவலைக்கொண்டு பாரபட்சம் காட்டுவதைத் தடுத்தது. ஆனால் ஆயுட்காப்புறுதியை அச்சட்டம் தழுவவில்லை. பழி எதுவும் கூறாமலே ஒருவர்மீது சுமையை ஏற்றமுடியும் என்பதற்கு இது சான்றாகும். மேலும், இதுவரை நிகழ்ந்த ஆய்வுகளிற் பங்குகொண்டோருட் பெரும்பாலானோர் ஐரோப்பிய வழியினர். ஆதலின் அவற்றிலிருந்து பெறப்படும் கணிப்புகள் ஆபிரிக்கருக்கும் ஆசியருக்கும் அதே செம்மையோடு பொருந்துவதில்லை. அறிவின் பயனும் அநீதியாகவே பங்கிடப்பட்டுள்ளது.

6

இந்நிலையில், பழி, பொறுப்பு என்னும் இரண்டு சொற்களையும் பிரித்து நோக்குதல் பயனுடையதாகும். பழி பின்னோக்கிச் செல்வது. நிகழ்ந்ததற்குக் காரணமானவரைத் தேடுவது. பொறுப்பு முன்னோக்கியும் செல்லக்கூடியது. நிகழவிருப்பதை மாற்ற வல்லவரைத் தேடுவது. வீதியில் விழுந்து கிடப்பவனை அங்கே வீழ்த்தாதவனும் தூக்கிவிடும் பொறுப்புடையவன். அரிஸ்ரோட்டிலின் பாகுபாடு பழிக்கு அளவுகோலாகலாம். பொறுப்புக்கு அது போதிய அளவுகோலன்று. காரணம் வலையாகப் பரந்துகிடக்கையில் பழியின் முகவரி கிடைக்காது. ஆனால் வலையின் எந்த இழைகளை எவருடைய கைகள் எட்டுகின்றன என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும்.

ஜெவ்றி றோஸ் 1985 இல் எழுதிய கட்டுரை இவ்வினாவுக்கு வழிகாட்டுகின்றது. கென்யாவின் நாடோடி மக்களின் குருதியமுக்கப் பரம்பலையும் இலண்டன் அரச ஊழியரின் குருதியமுக்கப் பரம்பலையும் அவர் அருகருகே வைத்தார். இலண்டனில் ஒருசிலர் நோயுற்று ஏனையோர் கென்யரை ஒத்திருந்தனர் என்பதில்லை. முழுப் பரம்பலுமே வலப்புறம் பெயர்ந்திருந்தது. 'இவ்வூரில் இவனுக்கு ஏன் அமுக்கம் உயர்ந்தது?' என்பது ஒரு வினா. 'இவ்வூர் முழுவதற்கும் ஏன் அமுக்கம் உயர்ந்தது?' என்பது வேறு வினா. முதலாவதற்குப் பரம்பரையலகுகள் பெரிதும் விடைகூறலாம். இரண்டாவதற்கு அவை பெரும்பாலும் விடைகூற மாட்டா. முதல் வினாவை மட்டும் கேட்கும் சமூகம், பிழையான வினாவுக்குச் சரியான விடையைப் பெற்று மனநிறைவடையும்.

இரண்டாவது வினாவைக் கேட்ட முயற்சிகளும் உண்டு. கைத்தொழில் வளர்ச்சியுற்ற நாடுகளில் உண்ணப்படும் உப்பின் ஏறத்தாழ முக்காற் பங்கு, ஆக்கிய உணவுகளினூடாகவே உடலைச் சேர்கின்றது. பிரித்தானியாவில் உணவு உற்பத்தியாளருடன் உடன்பாடு கண்டு பாண் முதலிய பண்டங்களின் உப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2003 இல் நாளொன்றுக்குச் சராசரி 9.5 கிராமாயிருந்த உப்பு 2011 இல் 8.1 கிராமாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் 5 கிராம் என்னும் எல்லையை இது எட்டவில்லை. ஆயினும் அதன் திசையிலான நகர்வே அது. வட சீனத்தின் கிராமங்களிலோ உப்பு பெரிதும் வீட்டு அடுக்களையிலேயே சேர்க்கப்படுவது. 2021 இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், சீனாவின் 600 கிராமங்களிலே பக்கவாதம் கண்டோரும் உயர் அமுக்கமுடைய முதியோருமாக ஏறத்தாழ 21,000 பேர் பங்குகொண்டனர். அரைவாசிக் கிராமங்களில் வழமையான உப்புக்குப் பதிலாக, நாலில் ஒரு பங்கு பொற்றாசியம் குளோரைட்டு கலந்த உப்பு வழங்கப்பட்டது. அக்கிராமங்களிற் பக்கவாதம் 14 சதவீதத்தாற் குறைந்தது. எவருடைய பரம்பரையலகும் வாசிக்கப்படவில்லை, எவரும் பழிக்கப்படவுமில்லை.

இதற்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது, மக்கள் அறியாமலே அவர்தம் உணவை மாற்றுவது அவர்களின் சுயாதீனத்தை மீறுவதாகாதா என்பது. இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. எனினும் பாணிலே முன்னர் இருந்த உப்பையும் உண்பவர் தெரிந்தெடுக்கவில்லை, உற்பத்தியாளரே தெரிந்தெடுத்தனர். தெரிவில்லாத ஒரு நிலைக்குப் பதிலாகத் தெரிவில்லாத மற்றொரு நிலை வருகின்றது. முன்னையது இலாபத்தை நோக்கியது, பின்னையது நலத்தை நோக்கியது. அதிலும், உப்புக் குறைந்த பாணுக்கு உப்பைச் சேர்த்துக்கொள்வது உண்பவருக்கு எளிது. உப்பு மிகுந்த பாணிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. ஆகவே சுயாதீனத்தைக் கருதினும் குறைப்பதே மேலானதாகும். மாற்றம் வெளிப்படையாக அறிவிக்கப்படுதல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு இத்தடை நீங்கும்.

இரண்டாவது தடை இதனிலும் வலியது. எல்லோருக்கும் உரிய பொறுப்பு எவருக்கும் உரியதாகாமற் போய்விடும். வலையைக் காட்டித் தனிமனிதன் தப்பிக்கொள்வான். அரசைச் சுட்டிக்கொண்டே அவன் ஊறுகாயை உண்பான் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் வலை தனிமனிதனை விடுவிப்பதில்லை. அவனது இடத்தைச் சரியாக வரையறுக்கின்றது. உற்பத்தியாளன் உப்பின் அளவுக்கும், அரசு அதன் ஒழுங்கிற்கும், மருத்துவன் பழியின்றி அளந்து தொடர்ந்து பேணுவதற்கும், நோயுற்றவன் தனக்கு எட்டுகின்ற நடைக்கும் உணவுக்கும் குளிசைக்கும் பொறுப்புடையவராவர். ஒவ்வொருவரது பொறுப்பும் அவரது கை எட்டும் தூரத்தின் அளவினது. கடைசியாகக் கூறப்பட்டவனின் கையே இவற்றுட் குறுகியது. எனினும் இதுவரை சுமையின் பெரும்பங்கை ஏற்றிருப்பது அக்கையே. உப்பற்ற உணவைத் தெரிந்தெடுக்கப் பணமும் நேரமும் இல்லாத ஒருவனுக்கு அறிவுரை கூறிவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதும் சமூகம், தன் பொறுப்பை அவன் பொறுப்பாகப் பெயர்மாற்றம் செய்கின்றது.

7

பரம்பரையியல் ஊழை மீட்டு நிறுவிவிடும் என ஒரு சாரார் அஞ்சினர். மறு சாரார் அதனை விரும்பினர். குருதியமுக்கத்தைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் ஏமாற்றமே எஞ்சியது. ஆயிரக்கணக்கான சிறு குறிகள் ஒன்றோடொன்று பேசும் ஒரு வலையே கண்டறியப்பட்டது. அவ்வலை தோலின் எல்லையோடு முடிவுறவில்லை. அதன் இழைகள் சிறுநீரகத்திலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து வெதுப்பகத்துக்கும், வெதுப்பகத்திலிருந்து சட்டமன்றத்துக்கும் நீள்கின்றன. உடலினுள் உள்ள இழைகளை மாற்ற இன்று எவராலும் பெரிதும் இயலாது. உடலின் வெளியே உள்ள இழைகள் மனிதராற் பின்னப்பட்டவை. மனிதரால் மாற்றப்படவும் கூடியவை.

'யார் குற்றவாளி?' என்னும் வினாவுக்கு இவ்வலை விடைதருவதில்லை. அது விடைதராமையையே ஒரு பாடமாகக் கொள்ளலாம். கையிற் பட்டியைச் சுற்றி அமுக்கத்தை அளக்கும் மருத்துவரின் முன்னே ஒருவர் அமர்ந்திருக்கின்றார். இரசம் ஏறி இறங்குகின்றது. ஓர் எண் எழுதப்படுகின்றது. அவ்வெண்ணில் அவருடைய பாட்டனாரும் உள்ளார், அவர் வாழும் தெருவும் உள்ளது, அவர் உண்ட பாணும் உள்ளது, அவருடைய சோம்பலும் ஓரளவுக்கு உள்ளது. இவை அனைத்தையும் அவர் ஒருவரின் பெயரில் எழுதிவைப்பது கணக்கியலிலேயே பிழையாகும். அறவியலில் அது பிழை என்பதைக் கூறவும் வேண்டுமோ?